புது கார் ஷெட்டைச் சுற்றி மண் மட்டம்: மேஸ்திரி பதில்கள்

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் காருக்காக 12க்கு 20 அடியில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, ஷீட் போட்டு ஷெட் கட்டினோம். வேலை முடிந்து ஆட்கள் கணக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோடை மழை ஒன்று பெய்ததற்கே 20 அடிச் சுவரோரம் தண்ணீர் கட்டி நின்றது, ஷட்டர் அடியில் உள்ளேயும் வந்துவிட்டது. ஜேசிபி விட்டு நாலு லோடு மண் அடிக்கலாம் என்கிறார் மாமனார். நானும் வீட்டுக்காரரும் மண்வெட்டி பிடித்துப் பழகியவர்கள்தான். நாங்களே செய்துகொள்ளலாமா?
- வாசகி, சென்னிமலை

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மிணி. மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லி அந்த நாலு லோடை மட்டும் நிறுத்தி வையுங்கள். அவ்வளவு மண் உங்களுக்குத் தேவைப்படாது.

முதல் வேலையாகச் சுவரோரம் கடப்பாரையைப் போட்டுத் தோண்டிப் பாருங்கள். அஸ்திவாரக் குழியை மூடும்போது உடைந்த பிளாக், காலி சிமென்ட் சாக்கு, சென்ட்ரிங் பலகைத் துண்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, மேலே ரெண்டு சட்டி மண்ணைப் போட்டு மூடிவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. பார்வைக்குத் தரை மாதிரி இருக்கும். மழைத் தண்ணீர் இறங்கியதும் உள்ளே இருக்கும் பொந்தெல்லாம் அமுங்கி, சுவரை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் விழும். உங்கள் தண்ணீர் நிற்கிற இடம் அநேகமாக அதுதான். அந்தக் குப்பையை வெளியே எடுக்காமல் மேலே எத்தனை லோடு கொட்டினாலும் திரும்பப் பள்ளம் விழும். பலகைத் துண்டு கிடந்தால் கரையானும் அங்கே குடியேறும்.

அப்புறம் மட்டம் பார்க்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், நம் பக்கத்துப் பூமி கண்ணை ஏமாற்றும். அரை அங்குல டியூப் ஒரு 30 அடி வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு முனையை நீங்கள் சுவரில் பிடியுங்கள், இன்னொரு முனையை அவர் 10 அடி தள்ளி நட்ட குச்சியில் பிடிக்கட்டும். தண்ணீர் ஆடி நின்றதும் ரெண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்து பாருங்கள். குச்சிப் பக்கம் 6 அங்குலம் கூடுதலாக வர வேண்டும். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறக்கம், இதுதான் மண் தரைக்குக் கணக்கு. 20 அடிச் சுவர் நெடுக நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள்.

இப்போது மண் கணக்கு. 20 அடி நீளம், 10 அடி அகலம், சுவரோரம் அரை அடி உயரத்தில் தொடங்கி அந்தக் கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிகிற ஆப்பு வடிவம். அது 50 கன அடி, அதாவது அரை யூனிட். இடித்தால் அமுங்குவதற்கும் சேர்த்து முக்கால் யூனிட் போதும், தோண்டிய பள்ளத்தை நிரப்புவது தனி. எடை என்று பார்த்தால் ரெண்டு டன்னுக்கு மேல் இருக்கும், ஒரே நாளில் முடித்துவிட நினைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கொட்டுவதற்கு முன்னால் ஷெட்டின் பேஸ்மென்டை, அதாவது தரைக்கு மேலே சுவருக்கு அடியில் தெரிகிற கட்டுமானத்தைப் பாருங்கள். மண் ஏற்றி முடித்த பிறகும் அது 6 அங்குலமாவது வெளியே தெரிய வேண்டும். அந்த உயரம் உங்களிடம் இல்லையென்றால் சுவரோரம் ஏற்றாதீர்கள். தள்ளியிருக்கிற தரையை வெட்டி இறக்குங்கள். பணம் போட்டு மண் வாங்குவதைவிட எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், வெட்டுகிற மண்ணே பள்ளத்தை மூடவும் ஆகும்.

மண் என்றால் களி கலந்த செம்மண். எம்-சாண்ட் வேண்டாம், அது தண்ணீரை நேராக அஸ்திவாரத்துக்கு அனுப்பிவிடும். குளத்து வண்டல் விவசாயக் காட்டுக்கு நல்லது, சுவரோரத்துக்கு ஆகாது. அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடியுங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அதுதான் இடிக்கிற பதம். ஜேசிபி வந்தாலும் சுவருக்கு 5 அடிக்குள் விடாதீர்கள். புது ஹாலோ பிளாக் சுவர், பக்கெட் ஒரு தட்டுத் தட்டினால் விரிசல் விட்டுவிடும்.

மண் வேலை இவ்வளவுதான். ஆனால் மேலேயிருந்து கொட்டுகிற தண்ணீரை மறந்துவிட்டால் இத்தனையும் வீண். உங்கள் ஷீட் 240 சதுர அடி. ஒரு அங்குல மழைக்கு அதிலிருந்து 560 லிட்டருக்கு மேல் இறங்கும், அதுவும் சுவரோரத்திலேயே கோடு போட்ட மாதிரி விழும். ஷீட் விளிம்பில் தகர வாய்க்கால் மாட்டி, 4 அங்குல பிவிசி குழாயில் இறக்கி, சுவருக்கு 10 அடிக்கு அப்பால் கொண்டு போய் விடுங்கள். தென்னை இருந்தால் அதன் பாத்திக்கு விடலாம். மழைநீர்க் குழி இருந்தால் இன்னும் நல்லது. 2003ல் அரசாங்கம் கட்டாயமாக்கியபோது பேருக்குக் கட்டி, அப்புறம் மண்மூடிப் போன குழிகள் எத்தனையோ வீட்டில் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால் தூர் வாருங்கள். நமக்கு மழை நாட்கள் குறைவு, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. அந்தத் தண்ணீரை ரோட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

ஷட்டர் முன்னால் மண் சரிவு நிற்காது, டயர் அரைத்துவிடும். அங்கே அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி கான்கிரீட் போடுங்கள். வாசல் மேடாக இருந்து ஷெட்டைப் பார்த்துச் சாய்ந்தால், ஷட்டருக்கு வெளியே குறுக்காக ஒரு வாய்க்கால் எடுத்து இரும்புக் கம்பிச் சட்டம் போட்டு மூடுங்கள்.

எல்லாவற்றையும் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் ரெண்டு மழை பெய்து எங்கே அமுங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும். அதைச் சரி செய்துகொண்டால் ஐப்பசி மழைக்குப் பயமில்லை.

கேள்வி: எங்களுடையது கரிசல் மண். கார் ஷெட்டைச் சுற்றி ஜல்லி கொட்டிவிட்டால் சேறு இருக்காது என்கிறார்கள். போடலாமா?
- வாசகர், பல்லடம்

பதில்: வெறும் ஜல்லி மட்டும் வேண்டாமுங்க. சேறு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி அடியில் நிற்கும். கரிசல் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்கினால் சுவர் தாங்காது. சுவரைச் சுற்றி 3 அடி அகலத்துக்குக் கரிசலை ஒரு அடி ஆழம் எடுத்துவிட்டு, கிராவல் மண் போட்டு இடித்து, மேலே வெளிப்பக்கம் சாய்வாக கான்கிரீட் போடுங்கள். சுவரும் கான்கிரீட்டும் சேர்கிற இடுக்கில் தார் ஊற்றி அடையுங்கள். சுவரோரம் வாழையோ செம்பருத்தியோ வைத்துத் தினமும் தண்ணீர் விட வேண்டாம்.

கேள்வி: எங்கள் இடம் இயற்கையாகவே பக்கத்துக் காட்டுப் பக்கம் சரிகிறது. தண்ணீரை அப்படியே விட்டுவிடலாமா?
- வாசகர், கோபி

பதில்: முன்பு பரவலாக ஓடிய தண்ணீர் வேறு, ஷெட் கட்டி ஒரே இடத்தில் சேர்த்து விடுகிற தண்ணீர் வேறு. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை அது அறுத்துவிடும். உங்கள் எல்லைக்குள்ளேயே, வேலிக்கு 3 அடி இந்தப் பக்கம், அகலமான ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, அருகம்புல் பதித்து, உங்கள் தோட்டத்துக்கே திருப்பிவிடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் காட்டுக்காரரை ஒரு நடை கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிடுங்கள்.