நம்ம ஊர்ல விளையாத கோதுமையை பாப்பா படிச்சு என்ன சார் பண்ணும்?

வணக்கம் சார். உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பாப்பா பிளஸ் டூ முடிக்குது, நீட் வேணாம்னுது, கோதுமை ஜெனடிக்ஸ்ல ரிசர்ச் பண்ணப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது, நம்ம பக்கம் கோதுமை வயலையே பாத்ததில்ல இதுக்கு யாரு சார் வேலை குடுப்பான்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீலகிரியில வெலிங்டன்ல டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி இன்ஸ்டிட்யூட்டோட கோதுமை ஸ்டேஷன் ஒண்ணு ரொம்ப வருஷமா இருக்கு. கோதுமை பஞ்சாப்லயும் ஹரியானாலயும் விளையுது, ஸ்டேஷன் மட்டும் ஏன் இங்க? துரு நோய்தான் காரணம், இலையிலயும் தண்டுலயும் துரு மாதிரி பொடி கிளப்பற பூஞ்சை நோய் அது. சமவெளி வெயில்ல அந்தப் பூஞ்சை செத்துப்போயிடும், ஆனா நீலகிரி, பழனி மலை, இமயமலை மாதிரி குளிரான இடத்துல வருஷம் பூரா உயிரோட இருந்து காத்துல கீழ பரவும், இதை கே.சி. மேத்தாங்கற விஞ்ஞானி அந்தக் காலத்துலயே கண்டுபிடிச்சு சொல்லிட்டார். தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துருன்னு மூணு வகையும் அங்க தானா வரும், அதனால எந்த ரகம் தாங்குது எது விழுதுன்னு டெஸ்ட் பண்ண அதைவிட தோதான இடம் கெடைக்காது.

இப்ப வேலை கெடைக்குமாங்கற விஷயத்துக்கு வரேன். 1998ல உகாண்டால தண்டுத் துருவுல புதுசா ஒரு வகை தெரிஞ்சது, அதுக்கு யூஜி99னு பேரு. உலகம் பூரா எக்கச்சக்கமான ரகங்கள் தண்டுத் துருவைத் தடுக்கற எஸ்ஆர்31ங்கற ஒரே ஜீனை நம்பித்தான் இருந்துச்சு, அந்த ஜீன் இதுகிட்ட தோத்துப்போச்சு. கென்யா, எத்தியோப்பியா, ஏமன்னு நகர்ந்து ஈரான் வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் ஆளாளுக்கு புது ஜீன் தேட ஆரம்பிச்சாங்க. 2013ல சயின்ஸ் பத்திரிகைல எஸ்ஆர்33ங்கற ஜீனைப் பிரிச்சு எடுத்த பேப்பர் வந்துச்சு, கோதுமையோட சொந்தக்காரப் புல்லு ஒண்ணுலேர்ந்து வந்த ஜீன் அது. ஆஸ்திரேலியா அரசு ஆராய்ச்சி நிறுவனம் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. டீமோட வேலை, அதுல முதல் பேரு சாம்பசிவம் பெரியண்ணன். பேரைப் பாத்தாலே உங்களுக்குப் புரியும். பாப்பாகிட்டயும் காட்டுங்க.

அதோட கதை முடியல. ஒத்த ஜீனை மட்டும் வச்சா பூஞ்சை கொஞ்ச வருஷத்துல மாறி வந்து அதையும் தாண்டிடும், அதனால நாலஞ்சு ஜீனைச் சேர்த்து ஒரே ரகத்துல வைக்கப் பாக்கறாங்க, கூடவே எல்ஆர்34 மாதிரி நோயை முழுசா தடுக்காம மெதுவாக்கற ஜீனையும் சேப்பாங்க, அது பல வருஷமா தாக்குப்பிடிக்குது. பூஞ்சை மாறிக்கிட்டே இருக்கற வரைக்கும் இந்த ஆளுங்களுக்கு வேலை இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

ஆனா பாப்பா மனசுல இருக்கற படம் என்னன்னு கேளுங்க. வெள்ளை கோட்டு, மைக்ராஸ்கோப்னு நெனச்சா பாதிதான் சரி. கிராசிங் பண்ணணும்னா, அதாவது ரெண்டு ரகத்தைச் சேர்த்து புது ரகம் எடுக்கணும்னா, கதிர்ல ஒவ்வொரு பூவா பிரிச்சு உள்ள இருக்கற மூணு மகரந்தப்பையையும் சின்ன இடுக்கியால எடுக்கணும், ஒண்ணு விட்டாலும் கெட்டுது, அப்புறம் பேப்பர் கவர் மாட்டி நாள் எண்ணணும். தொட்டியில நாத்து வளத்து துருப்பொடியைத் தடவி ராத்திரி பூரா ஈரத்துல வச்சு, ரெண்டு வாரம் கழிச்சு ஒவ்வொரு இலையா பாத்து நோய் எவ்வளவுன்னு 0லேர்ந்து 4க்குள்ள மார்க் போடணும், நூத்துக்கணக்குல. அப்புறம் கம்ப்யூட்டர். மனுஷ ஜீனோம், அதாவது மொத்த டி.என்.ஏ., 300 கோடி எழுத்துன்னா கோதுமைக்கு அதைவிட அஞ்சு மடங்குக்கு மேல, மூணு புல்லோட ஜீனோம் சேந்து கெடக்கு, 2018லதான் அதைப் படிச்சு எழுதின ஒழுங்கான ரெஃபரன்ஸே வந்துச்சு. கோடிங் தெரியாம இதுல கை வைக்க முடியாது, அதனால மேத்ஸ் வேணாம்னு சொன்னா விடாதீங்க.

ரூட்டு இதுதான். பி.எஸ்சி. அக்ரி நாலு வருஷம், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் டி.என்.ஏ.யூ.ல பிளஸ் டூ மார்க்லயே கவுன்சலிங், நீட் தேவையில்ல. இந்த நாலு வருஷத்துல கோதுமையைத் தேட வேணாம், அடிப்படையைப் பிடிச்சா போதும். அப்புறம் மத்திய அரசோட வேளாண் ஆராய்ச்சி கவுன்சில் ஐ.சி.ஏ.ஆர். எக்ஸாம் எழுதி பூசாலயோ பஞ்சாப்ல லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்துலயோ எம்.எஸ்சி. ஜெனடிக்ஸ் அண்ட் பிளான்ட் பிரீடிங், இல்லன்னா பிளான்ட் பேத்தாலஜி, அதாவது பயிர் நோய் படிப்பு. அப்புறம் பி.எச்.டி. நாலஞ்சு வருஷம், அப்ப நெட் எக்ஸாம் எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கற ரிசர்ச் உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000 வரும், உங்க கையை எதிர்பாக்காது. மொத்தம் பத்து வருஷத்துக்கு மேல சார். "இன்னுமா படிக்குது"ன்னு கல்யாண வீட்டுல கேப்பாங்க, அதுக்கு நீங்கதான் தயாரா இருக்கணும், பாப்பா இல்ல.

நடுவுல மனசு மாறினாலும் ஒண்ணும் வீணாகாது, பி.எஸ்சி. அக்ரியோட பேங்க் ஃபீல்டு ஆபீசர், டி.என்.பி.எஸ்.சி. வேளாண் அலுவலர், விதைக் கம்பெனின்னு வழி இருக்கு. கோயம்புத்தூரை விட்டு போக மனசில்லன்னாலும் நெல்லுல குலைநோய் ஆராய்ச்சி பண்ணலாம், பயிர்தான் வேற, முறை கிட்டத்தட்ட இதேதான்.

மார்க் வந்ததும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் நாலையும் எனக்கு அனுப்புங்க, எந்த காலேஜ் கெடைக்கும்னு உக்காந்து பாத்துடலாம்.