அடைப்பில் பிறந்த ஓநாய் காட்டில் பிழைக்குமா?

கேள்வி: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓநாய்களை அடைப்புகளில் வைத்து இனம் பெருக்கும் ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறதாமே? மனிதர் போடும் இரையைத் தின்று வளரும் ஓநாய் காட்டில் பிழைக்குமா?
– திண்டுக்கல் வாசகர் ஒருவர்

பதில்: செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, விலங்கியலாளர் மார்லின் பெர்கின்ஸும் அவர் மனைவி கேரலும் 1971-இல் தொடங்கிய நிலையத்தையே கேட்கிறீர்கள் எனக் கருதுகிறேன். ஆப்பிரிக்கக் காட்டு நாய், தென் அமெரிக்கப் பிடரி ஓநாய் போன்றவையும் அங்கே உண்டு. ஆயினும் அந்நிலையம் பெயர் பெற்றது மெக்சிகன் ஓநாயால்தான். கால்நடை வளர்ப்போரின் பகையாலும், அரசே முன்னின்று வைத்த நஞ்சாலும் பொறிகளாலும் அமெரிக்கக் காடுகளில் அற்றுப்போன அவ்வினத்தில், மெக்சிகோவில் எஞ்சியவற்றுள் ஐந்தை 1977-க்கும் 1980-க்கும் இடையே, அடைப்பில் இனம் பெருக்குவதற்காக உயிரோடு பிடித்தனர். இன்றுள்ள மெக்சிகன் ஓநாய்கள் எல்லாம், அவற்றுள் சிலவும் முன்பே அடைப்பில் இருந்த வேறு சிலவும் சேர்ந்த ஏழே ஏழு மூதாதையரின் வழிவந்தவை.

அடைப்பில் பிறந்து, 1998-இல் அரிசோனாவில் காட்டில் விடப்பட்ட 11 ஓநாய்கள் வேட்டையில் தேறின; அவற்றுள் பல அவ்வாண்டிலேயே சுடப்பட்டு இறந்தன என்பதுதான் வருத்தம். ஆகவே தங்கள் ஐயத்துக்கு விடை 'பிழைக்கும்' என்பதே. ஆனால் ஆய்வாளர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, காட்டிலுள்ளவை அனைத்தும் நெருங்கிய உறவாகிவிட்டதால் மரபணு வளம் குன்றுவது. இதற்காகவே, அடைப்பில் பிறந்து 14 நாள் நிறையாத குட்டிகளை விமானத்தில் கொண்டுசென்று, ஏறத்தாழ அதே நாளில் ஈன்ற காட்டு ஓநாயின் வளைக்குள், அதன் குட்டிகளின் வாசனை படியுமாறு தேய்த்துச் சேர்த்துவிடுகிறார்கள். தாய் ஏற்றுக்கொள்கிறது, வேட்டையைக் காட்டுக் கூட்டமே கற்பிக்கிறது. உறையவைத்த விந்தின் மூலம் முதல் மெக்சிகன் ஓநாய்க் குட்டி 2017-இல் பிறந்ததும் இந்நிலையத்தில்தான். 2024 முடிவில் அரிசோனா, நியூ மெக்சிகோ காடுகளில் குறைந்தது 286 ஓநாய்கள் கணக்கிடப்பட்டன.

கேள்வி: அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டதா?
– அதே வாசகர்

பதில்: இல்லை. அதே நிலையம் வளர்க்கும் சிவப்பு ஓநாயைப் பாருங்கள். 1980-இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 14 மூதாதையரிலிருந்து பெருக்கப்பட்டு, 1987 முதல் வட கரோலினாவில் விடப்பட்டது. அங்கே நூற்றுக்கும் மேலாகப் பெருகிய அவ்வினம், துப்பாக்கியாலும் வாகன விபத்தாலும் கயோட்டி எனும் சிறிய ஓநாய் போன்ற விலங்குகளுடனான கலப்பாலும், 2020 வாக்கில் இருபதுக்கும் குறைவாகச் சுருங்கியது. விடுவிக்கப்படும் இடத்துக்கு அருகே நிலம் வைத்திருப்போர் உடன்படாதவரை, அடைப்பில் எத்தனை குட்டிகள் பிறந்தாலும் போதாது என்பதே என் கருத்து.