ஆறு லட்சத்தில் ஒரு படம்

கேள்வி: தேவகோட்டையில் வேலை பார்க்கிறேன். சேமிப்பு ஆறு லட்சம். கானாடுகாத்தானில் ஆயா (பாட்டி) வீட்டை வைத்து முதல் முழுநீளப் படம் எடுக்க ஆசை. கதையில் கல்யாணம், மஞ்சுவிரட்டு, சிங்கப்பூர் எல்லாம் வருகிறது. கேமரா வாடகையே மூன்று லட்சம் ஆகும் போலிருக்கிறது. முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்த மூன்று லட்சத்தை முதலில் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். நண்பரிடம் இருக்கும் சாதாரண கேமரா போதும். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். பணத்தை ஒலிப்பதிவாளருக்குக் கொடுங்கள்.

அதிலும் நீங்கள் எடுக்கப்போவது வளவில், அதாவது நடுவில் வானம் திறந்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமுமாக இருக்கும் இடத்தில். உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுவர். ஒரு வார்த்தை பேசினால் நாலாகத் திரும்பி வரும். கேமராவில் தெரியாத இடமெல்லாம் ஜமக்காளம் விரியுங்கள். எடுத்து முடித்ததும் எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வைத்து, அந்த வெறும் அமைதியையும் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் ஒட்டுப்போட அதுதான் உதவும். மாசி, பங்குனி வேண்டாம், திருவிழா ஒலிபெருக்கியோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது. உச்சி வெயில் வளவுக்குள் நேராக இறங்கும்போது, மேலே வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துக் கட்டினால் வெளிச்சம் இதமாகிவிடும். விளக்கு வாடகையும் மிச்சம்.

வீடு ஆயாவுடையது என்கிறீர்கள். செட்டிநாட்டில் அது பெரும்பாலும் பாதி உண்மைதான். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குத் தனித்தனிப் பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். பாதிப் படத்தில் ஒருவர் போன் செய்து நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்? எல்லோரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

வேலையை விட வேண்டாம். கிறிஸ்டோபர் நோலன் 1998-இல் வெளியான தன் முதல் படத்தைப் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான், ஏறக்குறைய ஓராண்டு எடுத்தார். பிலிம் வீணாகாமலிருக்க முன்பே ஒத்திகை பார்த்துக்கொண்டார். உங்களுக்குப் பிலிம் செலவு இல்லை, ஆனாலும் ஒத்திகை பாருங்கள். பதினைந்து பேருக்குத் தினம் மூன்று வேளைச் சாப்பாடு என்றால் ஒவ்வொரு கூடுதல் நாளும் கையைக் கடிக்கும். சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சம்பளம் கொடுக்க முடியாத இடத்தில் அதுதான் மரியாதை.

கதையையும் வீட்டுக்குள் அடக்குங்கள். கல்யாணத்துக்குப் பதில் மறுநாள் காலை, பாத்திரம் எண்ணி உள்ளே வைக்கும் ஆச்சிமார் போதும். சிங்கப்பூர் ஒரு தொலைபேசிக் குரலாக வரட்டும். மஞ்சுவிரட்டை எடுத்துவிடுங்கள்: விலங்குகளை நடிக்க வைக்க விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், இல்லையேல் தணிக்கைச் சான்றிதழ் வாங்கும்போது சிக்கல். ஆயாவின் ரேடியோவில் பழைய பாட்டு ஓடுவதாக எழுதியிருந்தால் அதற்கும் உரிமை வாங்க வேண்டும். நண்பர் யாரையாவது வாசிக்கச் சொல்லி, நீங்களே எழுதிய வானிலைச் செய்தியை ஓடவிடுங்கள்.