மூன்று இடங்கள், மூன்று பதில்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எங்கள் மகனுக்கு மூன்று வயது ஏழு மாதம். ஒன்றரை வயதில் 'தண்ணி', 'தாத்தா' என்றெல்லாம் சொன்னவன், இரண்டு வயதுக்குள் அவற்றையும் விட்டுவிட்டான். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ச் செம்பின் மேல் வைக்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் குழந்தை மருத்துவர், ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்றார். ஒரு தெரபி மையத்தில் இருபது நிமிடம் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் 'விர்ச்சுவல் ஆட்டிசம்', செல்போனை நிறுத்தினால் போதும் என்றார். நிறுத்தி நான்கு மாதமாகிறது. என் கணவரோ, தானும் நான்கு வயதில்தான் பேசியதாக அவருடைய அம்மா சொல்வதை நம்பிக்கொண்டு, எங்கும் வர மறுக்கிறார். யார் சொல்வது சரி? நான் வேலைக்குப் போனதுதான் காரணமா?

— ஒரு தாய், வேளச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் அந்த மூன்று பதில்களையும்விட முக்கியமானவை. ஒன்று, வந்த சொற்கள் போய்விட்டன என்பது. மெதுவாகப் பேசத் தொடங்கும் குழந்தையிடம் பொதுவாக இது நேர்வதில்லை, ஆகவே காத்திருக்கச் சொன்ன யோசனையை நான் ஏற்கமாட்டேன். மற்றொன்று, உங்கள் கையை ஒரு கருவிபோல அவன் பயன்படுத்துவது. இவ்விரண்டையும் எந்த வயதில் தொடங்கின என்ற விவரத்தோடு எழுதி வையுங்கள். அவன் சாப்பிடும்போதும் விளையாடும்போதும் எடுத்த சிறு வீடியோக்களையும் கொண்டுபோங்கள். புதிய அறையில் மிரண்டு நிற்கும் பிள்ளையைவிட, வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் மருத்துவருக்கு அதிகம் புரியும்.

செவித்திறன் பரிசோதனை பற்றி நீங்கள் எழுதவே இல்லை. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான் என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு செய்ய முடியாது. நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் பேச்சொலி மங்கலாகவே கேட்கும். ஒத்துழைக்காத குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே செய்யப்படும் 'பெரா' பரிசோதனை உண்டு. அதை முதலில் முடியுங்கள்.

ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும், குழந்தையின் விளையாட்டையும் மொழியையும் கவனித்தும், பயிற்சி பெற்றவர்கள் எடுக்கும் முடிவு அது. இருபது நிமிடத்தில் அடங்காது. அதற்காக அவர்கள் சொன்னது தவறென்றும் ஆகிவிடாது. 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்பதோ, மனநல மருத்துவர்கள் நோயறிதலுக்குப் பின்பற்றும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இல்லாத பெயர். செல்போனை நிறுத்தியது நல்லதே. அதோடு நின்றுவிடக் கூடாது.

உங்களுக்கு முட்டுக்காடு தூரமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள, மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் செவித்திறன், பேச்சு, உளவியல் மதிப்பீடுகளை ஒரே வளாகத்தில் செய்துகொள்ளலாம். எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. அறிக்கை வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். நோயின் பெயர் தெரியாமலும் அதைத் தொடங்கலாம்.

உங்கள் கணவரிடம் வாதாடாதீர்கள். தகப்பனார் எப்போது பேசினார் என்பதை மருத்துவர் கட்டாயம் கேட்பார், குடும்ப வரலாற்றில் அது ஒரு தேவையான தகவல். தான் பேசிய சொற்களைத் தானும் இடையில் இழந்ததுண்டா என்று அவர் தம் தாயாரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பதிலோடு உங்களுடன் வரட்டும்.