ஜெர்மனில என்கூட வேலை பாக்குற ஜெர்மன்காரன், வீட்டுக்கு சாப்பிட கூப்பிட்டா "பார்க்கலாம்"னு நழுவுறான், என்ன பண்ண?

உங்கள பிடிக்காம இல்ல தம்பி, நீங்க நாள் நேரம் சொல்லாம கூப்பிட்டுட்டீங்க. "ஒருநாள் வீட்டுக்கு சாப்பிட வா"ன்னா காரைக்குடில அது பாசம், அங்க அது அழைப்பே இல்ல, சும்மா பேச்சுனு நினைச்சுப்பான்.

இன்னொன்னு, அங்க கூட வேலை பாக்குறவங்க வேற, ஃப்ரெண்டு வேற. ஷிஃப்ட்ல சிரிச்சு பேசிட்டு முடிஞ்சதும் பை சொல்லி கிளம்புறது சாதாரணம், நானும் மூணு மாசம் இதுக்கு மனசு கஷ்டப்பட்டு ஆத்தாகிட்ட புலம்பிருக்கேன்.

இத பண்ணி பாருங்க: "வியாழன் ஷிஃப்ட் முடிஞ்சு 4 மணிக்கு ஒரு காபி, அரை மணி நேரம்." வர முடியலன்னாலும் அவனே வேற நாள் சொன்னா ஓகே, வெறும் சாரியோட நிறுத்துனா கொஞ்ச நாள் விட்டுருங்க.

உங்க பிறந்தநாள் வருதா? அங்க பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டு போகணும், கேக்குக்கு பதிலா ஊர்லருந்து வந்த சீப்பு சீடை, மனகோலம் மாதிரி செட்டிநாட்டு பலகாரம் வைங்க, பேச்சு தானா வரும் (மனகோலத்துல கடலை இருந்தா அலர்ஜி இருக்கான்னு முதல்ல கேட்டுருங்க). அவன் பிறந்தநாளுக்கு மட்டும் முந்தின நாளே வாழ்த்திடாதீங்க, அது அவங்களுக்கு அபசகுனம்.

ஆனா ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதீங்க, அது தொந்தரவாயிடும்.