கண்முன் மினுங்கும் பிறை: கண்ணாடிக்கடைக்கு ஏன் ஓடுகிறீர்கள்?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கும் ஆசிரியை, வயது 34. இரண்டு மாதத்தில் மூன்று தடவை, கரும்பலகையில் எழுதும்போது எழுத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது. பிறகு அதன் ஓரம் பல்லுப் பல்லாக மினுங்கி இடது பக்கம் விரிந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் பார்வை சரியாகி, அப்புறம் தலையிடியும் சத்தியும் வந்தன. கண்ணாடி வாங்கிப் போட்டும் நிற்கவில்லை. கொழும்பில் மூளை ஸ்கானுக்கு ஒழுங்கு செய்வதாக ஒருவர் முற்பணம் வாங்கியிருக்கிறார். வெள்ளி இரவு பயணம். மூளையில் கட்டியா? பார்வை போய்விடுமா?

பதில்: பார்வை போகாது, தங்கச்சி. நீங்கள் எழுதியிருப்பது கட்டியின் கதையும் இல்லை. ஒற்றைத் தலையிடிக்கு முன்னால் வரும் பார்வை மாற்றம் இது. டொக்டர்மார் ‘ஓரா’ என்பார்கள். ஒற்றைத் தலையிடி உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வரும்.

இது நடக்கும் இடம் கண் இல்லை. மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கவனிக்கும் பகுதியில், ஒரு அலை கிளம்புகிறது. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் என்று மெதுவாக ஊர்கிறது. அலையின் முன்ஓரம் பட்ட இடம் மினுங்கும். அலை தாண்டிய இடம் கொஞ்ச நேரம் அணைந்து கிடக்கும். அதனால்தான் உங்களுக்கு மினுங்கும் ஓரமும் உள்ளே ஓட்டையும் சேர்ந்து தெரிகின்றன. இந்த அலையை 1944இல் லியாவோ என்ற பிரேசில் ஆய்வாளர் விவரித்தார். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரட்ரிக் கோட்டையைத் தாண்டித்தானே போகிறோம்? பழைய கோட்டைகளின் மதில்கள் வரைபடத்தில் முனை முனையாக இருக்கும். இந்த மினுக்கத்தின் ஓரமும் அப்படி இருப்பதால் வைத்தியத்தில் கோட்டையின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடினாலும் அது தெரியும். அடுத்த முறை மூடிப் பாருங்கள்.

அப்படியிருக்க, கண்ணாடி இதை எப்படி நிறுத்தும்? என் மேசையில் ஒரு அம்மா மூன்று கண்ணாடிக் கூடுகளைத் திறந்து வைத்தார். மூன்றிலும் பவர் 0.25. அந்தப் பவர் இல்லாமலே அவர் சுவரில் இருந்த கலண்டரில் சின்ன எழுத்தை வாசித்தார். ‘இலவசக் கண் பரிசோதனை’ என்று பதாகை கட்டி, உள்ளே போனவரைக் கண்ணாடி இல்லாமல் வெளியே விடாத கடைகளைப் பற்றி வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று கூடுதல் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். மத்தியானக் கடல் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு தொப்பி போதும்.

ஸ்கான் தரகர் இன்னும் மோசம். இந்தக் கதைக்கு, டொக்டர் கை, கால், முகம், கண்ணின் உட்புறம் எல்லாம் சோதித்து வேறு குறை காணாவிட்டால், ஸ்கான் தேவைப்படாது. இரவு முழுக்க நித்திரை இல்லாமல் பஸ்ஸில் போய், வெறும் வயிற்றோடு வரிசையில் காத்திருந்தால், அங்கேயே அடுத்த ஓரா வரும். நித்திரைக் குறைவும் பட்டினியும் ஒற்றைத் தலையிடியைக் கிளப்பிவிடும் முக்கியமான காரணங்கள்.

ஒரேயொரு விடயத்தை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். ‘இடது கண்ணில் தெரிகிறது’ என்றுதான் பலரும் சொல்வார்கள். இடது கண் வேறு, இரண்டு கண்ணிலும் இடது பக்கம் வேறு. மினுக்கம் வந்தவுடன் உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்துங்கள், பிறகு இடது கண்ணைப் பொத்துங்கள். இரண்டு முறையும் தெரிந்தால் அது மூளையின் அலை. ஒரு கண்ணைப் பொத்தியதும் முழுதாக மறைந்தால் கோளாறு அந்தக் கண்ணில். விழித்திரை கழன்றிருக்கலாம், அதற்குப் போகும் இரத்தம் அடைபட்டிருக்கலாம். ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல இருண்டு, பத்து நிமிடத்தில் தெளிந்தாலும், ‘சரியாகிவிட்டதே’ என்று வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது பாரிசவாதத்துக்கு முந்திய எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தெளியாவிட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

‘ஒரு கண்ணிலா, இரண்டு கண்ணிலுமா?’ என்று டொக்டர் கேட்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் கண் கிளினிக்கில் ‘கண் நல்லது’ என்று துண்டு எழுதி மற்றக் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். அங்கே திகதி கொடுத்து வாரக்கணக்கில் காக்க வைக்கிறார்கள். அதற்குள் பயந்த மனிதர் தரகரின் கையில் விழுகிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கை, கால் விறைத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, மினுக்கம் ஒரு மணித்தியாலம் தாண்டினாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கர்ப்பத்தின் பிற்பாதியில் கண்முன் மினுங்கினால் அன்றைக்கே பிறஷரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை குடிக்கிறீர்களா? ஓரா வரும் பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் இதைச் சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள்.

மினுக்கம் தொடங்கினால் சோக்கை வைத்துவிட்டு உட்காருங்கள், ஸ்கூட்டியை எடுக்காதீர்கள். ஓராவை இடையில் நிறுத்தும் குளிசை கிடையாது. தலையிடி தலைகாட்டியதும் பனடோல் இரண்டு, நிறையத் தண்ணீரோடு. உக்கிரமான பிறகு போட்டால் வயிறு அதை எடுத்துக்கொள்ளாது. மாதத்தில் பதினைந்து நாள் பனடோல் போகிறதென்றால் அந்தக் குளிசையே தலையிடியைப் பிடித்து வைக்கும். பாமசியில் பொட்டலம் கட்டித் தரும் கலவைக் குளிசை வேண்டவே வேண்டாம். அடிக்கடி வந்தால் வராமல் தடுக்க நாளாந்தக் குளிசைகள் உண்டு. அதை டொக்டர் எழுதட்டும். அப்படியான ஒரு குளிசைதான் புரப்பனலோல்; பக்கத்து வீட்டுக்காரர் தருகிறார் என்று குடித்தால் அது இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவரின் மூச்சை முட்ட வைக்கும்.

வெள்ளி பயணத்தை நிறுத்திவிட்டு முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை ஒரு கொப்பித் தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிறை எவ்வளவு விரிந்தது என்று கீறி, நேரம் எழுதி, எந்தக் கண்ணைப் பொத்தினீர்கள் என்றும் குறியுங்கள். திங்கள் காலை சாப்பிட்டுவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். தாள் இன்னும் இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லி, பிறஷரையும் கண்ணின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் துண்டு எழுதினால் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.