ஏசி இல்லை, ஆந்தை உண்டு: பிரெஞ்சுப் பண்ணைவீட்டுக்கு வருபவர்களின் கேள்விகள்

(வாசகர்களின் பயணக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் புதுச்சேரி பாகூரில் பிறந்தவர். பிரான்சின் தோர்தோஞ் மாவட்டத்தில், திவியே ஊருக்கு அருகே, பழைய பண்ணைவீடு ஒன்றில் தம்பதியருக்கான இரண்டு விருந்தினர் அறைகளைக் கணவருடன் நடத்துகிறார்.)

அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. பிள்ளைகள் பணம் போட்டு எங்கள் இருவரையும் பிரான்ஸ் அனுப்புகிறார்கள். பாரிஸ் கொஞ்சம், மீதி நாள் கிராமத்துப் பண்ணைவீடு என்று திட்டம். தேடிப் பார்த்தால் எல்லா வீடுமே "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்கிறது. எது நிஜம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் எந்த மாதிரி வீடு என்று முடிவு செய்யுங்கள். இங்கே இரண்டு வகை உண்டு. 'ஜீத்' என்றால் முழு வீடும் உங்கள் கையில்; சமையல் உங்களுடையது. சீசனில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாரக்கணக்கில்தான் கிடைக்கும். 'ஷாம்ப்ர் தோத்' என்றால் வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறை. காலை உணவும் படுக்கை விரிப்பும் வாடகையிலேயே சேர்த்தி, அது சட்டம். ஐந்து அறைக்கு மேல் வைக்கக் கூடாது, பதினைந்து பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது என்பதும் சட்டம். வெள்ளி விழா கொண்டாட வருகிறவர்கள் இங்கேயும் வந்து பாத்திரம் தேய்க்க வேண்டாம். இரண்டாவது வகையையே பாருங்கள்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராமத்து ஜனங்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட, பண்ணைவீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றைப் பழுதுபார்த்து நகரவாசிகளுக்கு விடுமுறைக்கு விட்டால் வீடும் பிழைக்கும், விவசாயிக்கும் நாலு காசு வரும் என்று 1951இல் தென்கிழக்கு மலைப்பகுதியில் முதல் ஜீத்தைத் திறந்தார்கள். 1955இல் அது 'ஜீத் தெ பிரான்ஸ்' என்ற தேசிய அமைப்பானது. அவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை கோதுமைக் கதிர் கொடுத்து வீடுகளைத் தரம் பிரிப்பார்கள். கதிரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது வசதிக்கான மதிப்பெண். சுற்றுச்சூழலுக்கு அவர்களே 'எக்கோஜீத்' என்று தனி முத்திரை வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 1994இல் தொடங்கிய 'பச்சைச் சாவி', ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரை ஆகியவையும் நம்பத் தகுந்தவை. ஆனால் முத்திரை வாங்கப் பணமும் காகித வேலையும் ஆகும். இரண்டு அறை வைத்திருக்கிற சின்ன வீட்டுக்காரர் பலருக்கு அதற்குப் பொறுமை இருக்காது. முத்திரை இல்லை என்பதற்காக ஒரு வீட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

நான் சொல்லும் வழி இது. பதிவு செய்வதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: வீட்டை எதைக் கொண்டு சூடாக்குகிறீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது, சுவருக்கு என்ன பூசியிருக்கிறீர்கள். உண்மையாகவே உழைத்தவராக இருந்தால் ஒரு பக்கத்துக்குப் பதில் வரும். கேட்காத கூரையைப் பற்றியும் சொல்வார். "நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம்" என்று ஒரு வரி வந்தால், சரி, அடுத்த வீட்டைப் பாருங்கள்.

சுவரை எதற்குக் கேட்கச் சொல்கிறேன் என்றால், பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய கல்சுவர் அரை மீட்டருக்கும் மேல் தடிமன். கல்லோடு கல்லைச் சேர்ப்பது மண்ணும் சுண்ணாம்பும்தான். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாகவே வெளியேறிவிடும். நாற்பது ஐம்பது வருடம் முன்பு பலர் இதன் மேல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கல் உதிர்ந்து, அறை முழுக்கப் பூஞ்சை வாசம். நாங்கள் வாங்கிய மாட்டுத் தொழுவமும் அப்படித்தான் இருந்தது. என் கணவர் உளியை வைத்து சிமெண்டைப் பெயர்த்தபோது உள்ளே கல் நனைந்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. முழுக்கச் சுரண்டி, ஒரு கோடை காய விட்டு, சுண்ணாம்பில் 'ஹெம்ப்' எனப்படும் சணல் தண்டின் நொறுக்கலைக் கலந்து உள்பக்கம் பூசினோம். ஐரோப்பாவில் இந்தச் சணல் அதிகம் பயிராவது பிரான்சில்தான், அதனால் பொருளுக்குப் பஞ்சமில்லை. காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த பிறகு கை வைத்துப் பாருங்கள், கல்லின் சில்லிப்பு இருக்காது. குளிர்காலத்திலும் சுவர் உங்கள் சூட்டை உறிஞ்சாது. கூரைக்குக் கீழே மர நாரோ, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் பஞ்சோ அடைத்திருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. "தம்பதியருக்கான பசுமை இல்லம்" என்று போட்டுவிட்டு, படத்தில் முற்றத்தில் ஆவி பறக்கும் ஜக்குஸித் தொட்டியைக் காட்டுவார்கள். வருடம் முழுக்கத் திறந்தவெளியில் தண்ணீரைக் கொதிப்பாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் ஆகும்! எனக்குச் சிரிப்புத்தான் வரும். திறந்த கணப்பும் அப்படியே. பார்க்க அழகு, ஆனால் விறகின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு இருக்கும் வீடாகப் பாருங்கள். சுடரும் தெரியும், சூடும் அறையிலேயே நிற்கும்.

பார்த்து வைத்த வீட்டில் 'உலர் கழிப்பறை' என்று எழுதியிருக்கு. மனுசி "நான் வரமாட்டன்" என்று ஒரே பிடியாக நிக்கிறா. அப்படியென்றால் என்ன? தண்ணி பாவிக்கவே ஏலாதா?
– வாசகர், லா கூர்நெவ், பாரிஸ் புறநகர்

அவர் பக்கம்தான் நானும். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் நம் பழக்கத்துக்கு ஒத்துவராது. மரப்பெட்டி போல ஒரு இருக்கை, அடியில் வாளி, பக்கத்தில் மரத்தூள். போன பிறகு தண்ணீருக்குப் பதில் ஒரு கரண்டி மரத்தூள் போட வேண்டும். சரியாகப் போட்டால் நாற்றம் வராது. வாளியை வீட்டுக்காரர் உரக்குழியில் கொட்டி நீண்ட காலம் மக்க விடுவார். பழைய ஃபிளஷ் தொட்டி ஒரு இழுப்புக்கு ஒன்பது லிட்டருக்குக் குறையாமல் குடிநீரைக் கொட்டும் என்பதை நினைத்தால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வாளி நிறைந்து எல்லாம் கெட்டுவிடும். பெரும்பாலான வீடுகளில் உலர் கழிப்பறை தோட்டத்தில் இருக்கும், அறைக்குள் சாதாரணக் கழிப்பறையே இருக்கும். எது எங்கே என்று கேட்டுவிடுங்கள். கை ஷவர் இருக்காது, அதனால் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கட்டும். எங்கள் இரண்டு அறைகளிலும் நான் கை ஷவர் வைத்துவிட்டேன். வருகிற பிரெஞ்சுக்காரர்கள் அது செருப்புக் கழுவவா என்று கேட்கிறார்கள்.

உங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமானது நாணல் படுகை வைத்த வீடு. தண்ணீர் வழக்கம்போலப் புழங்கலாம். கழிவுநீர் சரளைக் கல் நிரப்பிய தொட்டிகளுக்குப் போகும். அதில் நாணல் நட்டிருக்கும். தண்ணீரைச் சுத்தம் செய்வது நாணல் அல்ல, கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாதான். காற்றில் ஆடும் நாணல் தண்டும் வளரும் வேரும் படுகை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் இப்படிப்பட்ட வீட்டில் பாக்டீரியாவைக் கொல்லும் ஜாவெல் (பிளீச்) ஊற்றாதே, ஈரத் துடைப்புத் தாளைக் கழிப்பறையில் போடாதே என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். பாரிஸ் வீட்டில் ஜாவெல் இல்லாமல் குளியலறை கழுவாதவர்கள் இங்கே வினிகரோடு சமாதானம் ஆக வேண்டும்.

ஜூலையில் வருகிறோம். ஏசி கிடையாதாமே? பிரான்சில் வெயிலில் ஆட்கள் செத்துப்போகிறார்கள் என்று செய்தியில் பார்த்தோம்.
– வாசகர், மதுரை

உண்மைதான், அனல் அலை வந்தால் இங்கேயும் 38, 40 டிகிரி தொடும். ஆனால் கல்வீட்டைக் கையாளத் தெரிந்தால் தூங்கலாம். காலை வெயில் ஏறுவதற்குள் ஜன்னலையும் வெளியே இருக்கும் மரக்கதவையும் சாத்திவிட வேண்டும். பகல் முழுக்க அரை இருட்டு. சூரியன் சாய்ந்து வெளியே குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டு விடிய விடியக் காற்று வாங்க வேண்டும். மதுரைக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே விருந்தாளிகள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் "காற்று வரட்டும்" என்று ஜன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். நான் பின்னாலேயே போய்ச் சாத்துவேன்.

கீழ்த்தளத்து அறையாகக் கேளுங்கள். வைக்கோல் பரணை அறையாக்கி, கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்த மேல்தளம் படத்தில் ரொம்ப அழகாக இருக்கும், ஜூலையில் அது அடுப்பு. இரவில் திறந்த ஜன்னல் வழியே ஆந்தை சத்தம் கேட்கும், பரணில் வௌவால் சலசலக்கும். வௌவால்கள் அனைத்தும் பிரான்சில் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. விரட்டச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். கொசுவைத் தின்பது அதுதான்.

நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். வீட்டுக்காரர்களோடு ஒரே மேசையில் இரவு உணவு என்கிறார்களே, நமக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, டொராண்டோ

எங்கள் தோர்தோஞ் பக்கத்துக்குப் பழைய பெயர் பெரிகோர்; இது வாத்து நாடு அம்மா. உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள், பூண்டு சூப்பும் அதில்தான் தாளிப்பு, பச்சைக் காய்கறி சாலட்டில்கூட வாத்து ஈரல் துண்டு கிடக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. கொழுப்பும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த நீரும் வேண்டாம் என்று எழுதுங்கள். அந்த மேசையில் எல்லாருக்கும் ஒரே சமையல்தான், தட்டுத் தட்டாக மாற்ற மாட்டார்கள். அதனால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், போய் உட்கார்ந்த பிறகு அல்ல. முன்கூட்டிச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்: செப் காளான் ஆம்லெட், வால்நட் எண்ணெய் விட்ட சாலட், தோட்டத்துத் தக்காளி, செஸ்ட்நட் சூப். சீஸில் மட்டும் ஒரு சங்கதி. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் போட்டுத்தான் இங்கே பாரம்பரிய சீஸ்கள் பெரும்பாலும் உறைகின்றன. பக்கத்து மாவட்டத்து ரொக்கமதூர் ஆட்டுச் சீஸும் அப்படியே. கடுமையான சைவமென்றால் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பிட்ட மிச்சத்தைத் தனி வாளியில் போடச் சொல்வார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க உணவுக்கழிவைத் தனியே பிரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது கோழிக்குப் போகிறது, கோழி அதைக் காலை முட்டையாக்கிக் கொடுத்துவிடும்.

விமானத்தில் அத்தனை தூரம் பறந்து வந்து, மரத்தூள் கழிப்பறையில் உட்கார்ந்து பூமியைக் காப்பாற்றுவது கேலிக்கூத்து இல்லையா?
– வாசகர், சிங்கப்பூர்

கொஞ்சம் கேலிக்கூத்துத்தான். போக வர ஆளுக்கு ஒரு டன்னுக்குக் குறையாத கரியமில வாயு. நாணல் படுகையால் அதை ஈடுகட்ட முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: வந்தால் நிறைய நாள் தங்குங்கள், ஒரே இடத்தில் தங்குங்கள். பத்து நாளில் ஐந்து நாடு பார்க்கிறவர்கள் என் வீட்டில் ஒரு இரவு படுத்து எழுந்து போகிறார்கள், அவர்களுக்காகத் துவைக்கிற விரிப்பே வீண்.

உள்ளூர்ப் பயணத்துக்கு ரயில் பிடியுங்கள். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடமென்றால் உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று 2023இல் சட்டம் நடைமுறைக்கு வந்து, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த் போகும் தடங்களுக்குத் தடை விழுந்தது. எங்கள் பக்கம் வர பாரிஸ் ஓஸ்தெர்லித்ஸ் நிலையத்தில் ஏறி லிமோழ் வரை மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பெரிகே போகும் வட்டார ரயில் திவியேயில் நிற்கும். முன்னாடியே சொன்னால் பல வீட்டுக்காரர்கள் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துக்கொள்வார்கள். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி, திவியேயிலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை இணைத்திருக்கிறார்கள். ரயில் பாதையாக இருந்ததால் முதல் பகுதியில் பெரிய ஏற்றமே கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களும் ஓட்டலாம்.

என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். பிரான்சில் ஒரு பழைய பண்ணைவீடு விலைக்கு வருகிறதாம். வாங்கி இப்படி விருந்தினர் இல்லம் ஆக்கி, நான் இங்கிருந்தபடியே நடத்தலாமா?
– வாசகர், புதுச்சேரி

ஷாம்ப்ர் தோத் என்றால் முடியாது தம்பி. நடத்துகிறவர் அந்த வீட்டிலேயே குடியிருந்து, விருந்தாளியைத் தானே வரவேற்க வேண்டும். ஊர் மேயர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். சித்தப்பா போய் அங்கே உட்காரத் தயாரா என்று கேளுங்கள். ஜீத்தாக விடுவதென்றால் சாவி கொடுக்க, சனிக்கிழமை சனிக்கிழமை சுத்தம் செய்ய உள்ளூரில் ஆள் பிடிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் கழிவுநீர்ச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பொதுச் சாக்கடை இல்லாத வீட்டை விற்கும்போது, மூன்று வருடத்துக்கு மேல் பழசாகாத அறிக்கையை விற்பவர் தர வேண்டும். தொட்டி விதிப்படி இல்லை என்று அதில் இருந்தால், வாங்கிய ஒரு வருடத்துக்குள் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். பக்கத்தில் பழைய தேவாலயமோ கோட்டையோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், கூரையில் சோலார் தகடு வைக்க அரசுக் கட்டடக் கலைஞரின் அனுமதி வேண்டியிருக்கும். அதையும் மேயர் அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். பார்க்கப் போவதென்றால் பிப்ரவரியில், மழை நாளில் போகச் சொல்லுங்கள். சுவரோரம் எங்கே ஈரம் ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியும். ஜூனில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.